பயிர் பச்சையாக இருந்தால் மண் சுத்தமா? ரேணிகுண்டா எழுப்பும் ஒரு கேள்வி

சென்னையிலிருந்து ரயிலில் திருப்பதிக்குப் போயிருந்தால் ரேணிகுண்டாவைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். சென்னை, கூடூர், கடப்பா, திருப்பதி என நான்கு பக்கமும் தண்டவாளம் பிரியும் ஜங்ஷன் அது. விமானத்தில் போனாலும் இறங்குவது அங்கேதான். திருப்பதி விமான நிலையம் இருப்பது ரேணிகுண்டாவில்.

பெருமாளைப் பார்க்கப் போகும் அவசரத்தில் நாம் கவனிக்காத இன்னொரு விஷயமும் அந்த வட்டாரத்தில் உண்டு. தொழிற்சாலைகளும் நெல் வயல்களும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 2021-ல் இந்தப் பகுதி தலைப்புச் செய்தியானதற்குக் காரணம் ஓர் உலோகம்: ஈயம்.

அந்தச் செய்தி அன்று அரசியலாகவும் நீதிமன்ற வழக்காகவும் பேசப்பட்டது. ஆனால் அதற்குள் ஓர் எளிய கேள்வி இருந்தது. ஒரு வயலின் மண்ணில் ஈயமோ காட்மியமோ கலந்திருந்தால், அங்கே பயிர் செய்கிறவருக்கும் அந்த அரிசியைச் சாப்பிடும் நமக்கும் அது எப்படித் தெரியும்? சுருக்கமான பதில்: பெரும்பாலும் தெரியாது. ஏன் என்று பார்ப்போம்.

2021-ல் என்ன நடந்தது?

ரேணிகுண்டா மண்டலத்தில் உள்ள கரகம்பாடியில், அப்போது அமர ராஜா பேட்டரீஸ் என்ற பெயரில் இருந்த நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. 'அமரான்' பேட்டரி தயாரிக்கும் நிறுவனம்தான். சித்தூர் பக்கம் நூனேகுண்டலபள்ளியிலும் அதற்கு ஆலை உண்டு. 2021 ஏப்ரல் 30 அன்று இந்த இரண்டு இடங்களிலும் உள்ள ஆலைகளை மூடச் சொல்லி ஆந்திரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவு போட்டது. ஈய மாசு குறித்து வாரியம் குற்றம்சாட்டியது. நிறுவனம் அதை மறுத்தது. சுற்றுச்சூழல் விதிகளைப் பின்பற்றியே இயங்குவதாகச் சொன்னது. ஒரு வாரத்துக்குள், மே 6 அன்று, அந்த மூடல் உத்தரவை ஆந்திர உயர் நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்திவைத்தது. பிறகு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அப்போது தெலுங்கு தேசம் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஆட்சியில் இருந்தது ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். அதனால் விவாதம் முழுக்க 'பழிவாங்கலா, விதிமீறலா' என்பதிலேயே சுற்றியது. யார் சொன்னது சரி என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. இங்கே பேசப்போவது அந்தச் சத்தத்தில் காணாமல் போன மண்ணைப் பற்றி.

கன உலோகம் ஏன் மற்ற மாசுகளைப் போல இல்லை?

ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம், நிக்கல் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். ஆர்செனிக்கையும் வழக்கமாக இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். பூச்சிக்கொல்லி மாசானால் நுண்ணுயிரிகள் அதைச் சிறுகச் சிறுக உடைக்கும். சாக்கடை நீர் கூட காலப்போக்கில் மட்கும். உலோகம் ஒரு தனிமம். அதை உடைக்க எந்தப் பாக்டீரியாவாலும் முடியாது. குறிப்பாக ஈயம் மேல்மண்ணில், அதாவது முதல் ஒரு சாண் ஆழத்தில், களிமண்ணோடும் மட்கிய இலைதழையோடும் ஒட்டிக்கொண்டு தலைமுறைகளாக அங்கேயே கிடக்கும். அந்த ஒரு சாண் மண்ணில்தான் விதையும் விழுகிறது.

விதைக்குள்ளும் வேருக்குள்ளும் என்ன நடக்கிறது?

நெல், கோதுமை, சோளம், கம்பு என எந்தத் தானியமானாலும் முளைக்கும் முதல் சில நாட்களுக்கு மண்ணிலிருந்து உணவு எடுப்பதில்லை. விதைக்குள் இருக்கும் மாவுச்சத்துதான் அதன் கட்டுச்சோறு. தண்ணீர் பட்டதும் அமிலேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கி, மாவைச் சர்க்கரையாக மாற்றிக் கருவுக்குக் கொடுக்கும். காட்மியமும் ஈயமும் உள்ளே நுழைந்தால் இந்த நொதியின் வேலை மந்தமாகும். கட்டுச்சோறு இருக்கும், பிரித்துச் சாப்பிட முடியாது.

ஆனால் விதையின் மேலுறை ஈயத்தை ஓரளவு தடுத்துவிடும். அதனால் மாசுபட்ட மண்ணிலும் நூறு விதை போட்டால் ஏறக்குறைய வழக்கமான எண்ணிக்கையில் முளைக்கலாம். 'முளைச்சிடுச்சே, மண் நல்லாதான் இருக்கு' என்று நினைத்துவிடுவோம். முதல் ஏமாற்று இங்கே.

உண்மையான அடி விழுவது முளைவேருக்கு. உறையைக் கிழித்து வெளியே வரும் அந்த வெள்ளை நுனிக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அங்கேதான் செல்கள் வேகமாகப் பிரிந்து வேர் நீள்கிறது. ஈயம், செல் சுவரில் கால்சியம் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுவர் விறைத்து, செல் பிரிவது குறையும். வேர் நீளாமல் கட்டையாக, பழுப்பேறி, வேர்த்தூவிகள் குறைந்து போகும். நாற்றுகளில் கன உலோகத்தின் பாதிப்பை அளக்கும் ஆய்வாளர்கள் முளைப்பு சதவீதத்தோடு நிறுத்தாமல் வேரின் நீளத்தையும் அளப்பதற்குக் காரணம் இதுதான்.

வேர் குட்டையானால் என்ன? ராயலசீமா போன்ற மழை குறைந்த பகுதியில் அது பெரிய விஷயம். பத்து நாள் மழை தள்ளிப்போனால் ஆழத்தில் இருக்கும் ஈரத்தை எட்டிப் பிடிக்க முடியாத நாற்று முதலில் வாடும். விவசாயிக்கு அது வறட்சியாகத்தான் தெரியும்.

அடுத்தது இலை. பச்சையம் உருவாகும் தொடர்வேலையில் ஏஎல்ஏ டீஹைட்ரடேஸ் என்ற நொதிக்கு முக்கியமான பங்கு உண்டு. ஈயமும் பாதரசமும் இதை முடக்குவதைக் கம்பு நாற்றுகளில் விஞ்ஞானிகள் 1980-களிலேயே காட்டிவிட்டார்கள். இதே பெயருள்ள நொதி உங்கள் உடலிலும் இருக்கிறது. அங்கே அது ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமை உருவாக்க உதவுகிறது. ஈயம் அதையும் முடக்கும். நாற்று வெளுப்பதற்கும், ஈய நச்சு ஏறிய குழந்தைக்கு ரத்தசோகை வருவதற்கும் பின்னால் இருக்கும் வேதியியல் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதோடு இரும்பு, மக்னீசியம், துத்தநாகம் போன்ற சத்துகளை வேர் எடுப்பதும் குறையும். இலை மஞ்சளாகும். இதைப் பார்த்தால் பெரும்பாலும் என்ன செய்வோம்? சத்துக் குறைபாடு என்று நினைத்து உரம் போடுவோம். மட்டமான உரமாக இருந்தால் பிரச்சினை கூடலாம். சில வகைப் பாஸ்பேட் பாறைகளில் இயற்கையாகவே காட்மியம் உண்டு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த முடிவுகளில் பல, ஆய்வகத் தட்டில் உலோக உப்பைக் கரைத்து ஊற்றிப் பார்த்தவை. அங்கே உலோகம் முழுக்க வேருக்குக் கிடைக்கும். வயல் மண்ணில் களிமண்ணும் மட்கும் அதில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண் அமிலத்தன்மையாக இருந்தால் அதிகம் விடுபடும். காரத்தன்மையாக இருந்தால் குறையும். எனவே 'மண்ணில் ஈயம் இருக்கிறது' என்பதாலேயே பயிர் அழிந்துவிடும் என்று முடிவு கட்டவும் கூடாது.

அப்போ அரிசியில் ஏறிவிடுமா?

இங்கேதான் ஈயமும் காட்மியமும் வேறு வேறு குணம் காட்டுகின்றன.

ஈயம் வேரைத் தாண்டி அதிகம் மேலே ஏறாது. வேரின் உள்வட்டத்தில் இருக்கும் தடுப்பு அதை நிறுத்திவிடும். அதனால் தானியத்தில் பொதுவாகக் குறைவுதான். ஈயத்தால் பெரிய ஆபத்து தூசியாக வருவதில் இருக்கிறது. கீரையின் மேல் படியும் தூசி, விளையாடிவிட்டு வாயில் கை வைக்கும் குழந்தை, வேலை உடையோடு வீட்டுக்கு வரும் தொழிலாளி என்று பல வழிகளில் அது உள்ளே போகும். ரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. யூனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஈயம் உள்ள குழந்தைகள் உலகில் சுமார் 80 கோடி பேர் என்று மதிப்பிட்டது. அதில் இந்தியக் குழந்தைகள் மட்டும் சுமார் 27.5 கோடி.

காட்மியம் நேர் எதிர். நெல்லின் வேரில் மாங்கனீசை உள்ளே எடுக்க ஒரு வாசல் இருக்கிறது. அதே வாசல் வழியாகக் காட்மியமும் நுழைந்துவிடும். பிறகு தண்டு, இலை, கதிர், அரிசி வரை போகும். பயிர் வாடாது, மகசூல் பெரிதாகக் குறையாது. ஆனால் அரிசியில் மனிதருக்கு ஆகாத அளவு ஏறியிருக்கலாம். பயிர் பச்சையாக இருப்பதை நம்ப முடியாது என்பதற்கு இதுதான் மிகப் பெரிய காரணம்.

ஜப்பான் இதை விலை கொடுத்துக் கற்றது. ஜின்சு ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கமியோகா சுரங்கத்தின் கழிவு, பாசன நீரோடு டொயாமா மாகாணத்தின் நெல் வயலுக்கு வந்தது. பல பத்தாண்டுகள் அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எலும்புகள் மெலிந்து தானாக முறிந்தன. வலியில் அவர்கள் கத்திய 'இதாய் இதாய்' என்பதே நோயின் பெயரானது. 'வலிக்குது, வலிக்குது' என்று பொருள். அதற்குக் காரணம் காட்மியம்தான் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968-ல். 860 ஹெக்டேருக்கும் அதிகமான அந்த வயல்களின் மண்ணைச் சீர்செய்யும் வேலை 2012-ல்தான் முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

சீனாவில் 2013 மே மாதம் குவாங்சோ நகர அதிகாரிகள் 18 அரிசி மாதிரிகளைச் சோதித்தபோது 8-ல் காட்மியம் வரம்பைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அந்நாட்டு அரசு வெளியிட்ட தேசிய மண் ஆய்வு, விளைநிலத்தில் சோதித்த இடங்களில் 19.4 சதவீதம் மாசுபட்டவை என்றது. அத்தனை காலமும் அந்த வயல்கள் பச்சையாகத்தான் இருந்தன.

நம்ம ஊரில்?

ரேணிகுண்டாவிலிருந்து சித்தூர் வழியாகத் தெற்கே வந்தால் சாலையில் சுமார் 100 கி.மீ. தூரத்தில் ராணிப்பேட்டை. அங்கே தோல் பதனிடும் ஆலைகளுக்குக் குரோமிய ரசாயனம் தயாரித்த 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்' 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சம் டன் கணக்கில் சிப்காட் வளாகத்திலேயே கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாக ஒழுகும் அந்தக் கழிவைப் பற்றி எத்தனையோ செய்திகளைப் படித்திருப்பீர்கள். இதில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் எளிதாகக் கரையும். ஈயத்தைப் போல ஒரே இடத்தில் கிடக்காது. நிலத்தடி நீரில் இறங்கி, கிணற்றுப் பாசனம் வழியாக வயலுக்கு வரும்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று சொன்னதும் இதே பாலாற்று வட்டாரத்துத் தோல் ஆலைகள் தொடர்பான வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில்தான். அதே பாலாறு மாசுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு விரிவான தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. நடுவில் கிட்டத்தட்ட 30 ஆண்டுகள்.

மண் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடாதா?

விவசாயிக்கு அரசு கொடுக்கும் மண் வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. அதில் 12 விஷயங்கள் இருக்கும்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் கார அமிலநிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஈயம் இல்லை. காட்மியம் இல்லை. குரோமியம், நிக்கல், ஆர்செனிக் எதுவும் இல்லை. தாமிரமும் துத்தநாகமும் இருந்தாலும் அவை குறைவாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. அட்டையின் நோக்கம் எவ்வளவு உரம் போடலாம் என்று சொல்வது. நாட்டின் ஒவ்வொரு வயலிலும் கன உலோகம் தேடுவது செலவு பிடித்த வேலை; பெரும்பாலான வயல்களுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் பேட்டரி ஆலை, ஈயம் உருக்கும் பட்டறை, தோல் ஆலை, முலாம் பூசும் பட்டறை, குப்பைக் கிடங்கு போன்றவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் அதே 12 கட்டங்கள்தான். அங்கே ஒரு விவசாயி கையில் 'மண் வளம் நன்று' என்று அட்டை இருக்கலாம். அவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அதில் இல்லவே இல்லை.

புதிய விதிகள் என்ன சொல்கின்றன?

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 'மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகள்' வெளியிட்டது. ரசாயனத்தால் கெட்டுப்போன மண்ணுக்கென்று தனியாக வந்த முதல் விதிகள் இவை. இதன்படி, மாசு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாட்களுக்குள் முதல்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். மாசு உறுதியானால், காரணமானவரைக் கண்டுபிடித்து அவர் செலவிலேயே சீர்செய்ய வேண்டும்.

நல்ல தொடக்கம். ஆனால் இரண்டு ஓட்டைகள். ஒன்று, ஆய்வுக்குக் கெடு இருக்கிறது; சீர்செய்து முடிக்கக் கெடு இல்லை. விதிகள் வந்த நேரத்தில் நாட்டில் அடையாளம் காணப்பட்ட 103 இடங்களில் வெறும் 7-ல்தான் சீரமைப்பு தொடங்கியிருந்தது. இரண்டு, பட்டியல் மாவட்டத்திலிருந்து வர வேண்டும். வயலில் யாரும் கன உலோகம் சோதிக்காவிட்டால், சந்தேகம் எங்கிருந்து வரும்? மண் வள அட்டையில் இல்லாத கட்டம் இங்கே வந்து இடிக்கிறது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொழிற்பேட்டைகளைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட தூரம் வரையுள்ள கிராமங்களுக்கு மட்டும் அட்டையில் ஐந்து உலோகங்களைச் சேர்த்துவிடலாம். ஏற்கெனவே மாதிரி எடுக்கும் அதே ஊழியர்கள், அதே பை. ஆய்வகத்தில்தான் கூடுதல் வேலை. அப்படி ஒரு பதிவு ஆண்டுதோறும் இருந்திருந்தால் ரேணிகுண்டா போன்ற விவகாரங்களில் வாரியமா, நிறுவனமா என்று யார் பேச்சையும் நம்பவேண்டிய நிலை வந்திருக்காது. ஆலை சுத்தமாக இயங்குகிறது என்றால், அந்தப் பதிவே அதற்கும் சான்று.

கெட்டுப்போன மண்ணைச் சரிசெய்ய முடியுமா?

ஓரளவு முடியும். சுண்ணாம்பு போட்டு அமிலத்தன்மையைக் குறைத்தால் ஈயமும் காட்மியமும் வேருக்குக் கிடைப்பது குறையும். மட்கிய எருவும் பாஸ்பேட்டும் ஈயத்தைப் பிடித்து வைக்கும். உலோகம் மண்ணை விட்டுப் போகாது. பூட்டி வைக்கிறோம், அவ்வளவுதான். நெல் வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் அரிசியில் காட்மியம் குறையும். ஆனால் மண்ணில் ஆர்செனிக் இருந்தால் அதே தண்ணீர் அதைக் கூட்டிவிடும். எந்த உலோகம் என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கடுகு, சூரியகாந்தி போன்ற செடிகளை வளர்த்து உலோகத்தை உறிஞ்ச வைக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈயத்துக்கு அது மிக மெதுவான வழி. வெட்டிய செடியை மாட்டுக்குப் போடவும் கூடாது. ஜப்பானில் காட்மியத்தைக் குறைவாக எடுக்கும் நெல் ரகத்தை உருவாக்கியிருக்கிறார்கள். அகிதா மாகாணம் 2025 முதல் அந்த வகைக்கு மாறிவருகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஊரில் குத்தகைக்கு விட்ட குடும்ப நிலம் தொழிற்பேட்டை பக்கம் இருக்கிறதா? பண்ணை நிலம், மனை வாங்கும் யோசனையா? பத்திரத்தைப் பார்க்கும் அதே கவனத்தோடு மண்ணையும் பாருங்கள். நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில், மேலிருந்து ஒரு சாண் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குக் கொடுங்கள். 'மண் பரிசோதனை' என்று மட்டும் சொன்னால் அந்த 12-ஐத்தான் பார்ப்பார்கள். ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், ஆர்செனிக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கார அமிலநிலையையும் சேர்த்துக் கேளுங்கள். அது இல்லாமல் மற்ற எண்களுக்குப் பாதி அர்த்தம்தான்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனையும் செய்யலாம். சந்தேகமான மண் ஒரு தொட்டியில், நல்ல மண் இன்னொன்றில். இரண்டிலும் ஒரே பையிலிருந்து எடுத்த விதைநெல்லோ கம்போ விதையுங்கள். பத்து நாள் கழித்து வேர் அறுந்துவிடாமல் தண்ணீரில் அலசி எடுத்து, வேரை அளந்து பாருங்கள். ஒன்றில் வேர் தெளிவாகக் குட்டையாக இருந்தால் ஆய்வகத்துக்குப் போக அது போதுமான காரணம். உப்பு அதிகமானாலும் வேர் குட்டையாகும், அதனால் அதுவே முடிவு ஆகாது. இரண்டும் சமமாக இருந்தால் 'எல்லாம் நல்லது' என்றும் முடிவு கட்டாதீர்கள். காட்மியத்தின் கதை நினைவிருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் பைக், கார், இன்வெர்ட்டர் பேட்டரி. உலகில் பயன்படும் ஈயத்தில் பெரும்பகுதி போவது இவற்றுக்குத்தான். பழைய பேட்டரியை நூறு ரூபாய் கூடக் கொடுக்கும் காயலான் கடைக்குப் போட்டால், அது ஏதாவதொரு கொல்லைப்புறத்தில் உடைக்கப்பட்டு, அமிலம் மண்ணில் கொட்டப்பட்டு, ஈயம் திறந்த அடுப்பில் உருக்கப்படலாம். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அடுத்த முறை ரேணிகுண்டாவைத் தாண்டும்போது ஜன்னல் வழியே பச்சை வயல் தெரியும். அந்தப் பச்சைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பரிசோதித்து எழுதிவைத்த ஒரு தாள், அந்த விவசாயியிடமும் இருக்க வேண்டும்.